ஓதம் ஏறும் நேரத்தில் ஒரு பர்கர்

லண்டனுக்கு யார் வந்தாலும் ஒரு மத்தியானத்தையாவது தேம்ஸ் கரை பப் ஒன்றில் கழித்துவிட்டுப் போங்கள் என்பேன், அங்கே பர்கர் சொல்லுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். மீனும் சிப்ஸும்தானே இந்த நாட்டுச் சாப்பாடு என்று உடனே கேட்பார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் காற்று வீசும் திறந்த வெளியில், மர பெஞ்சில் உட்கார்ந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டுமென்றால் கத்தியும் முள்கரண்டியும் இல்லாமல் கையில் எடுத்துக் கடிக்கிற சாப்பாடுதான் எனக்குச் சரியாக வருகிறது. தட்டைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. கண் முழுக்க ஆற்றுக்கு.

நான் விரும்பிப் போகும் இடம் ரிச்மண்டில் இருக்கும் ஒயிட் கிராஸ். கடல் எங்கேயோ இருக்கிறது, ஆனாலும் அங்கே தேம்ஸ் ஏறி இறங்கும். இன்னும் கொஞ்சம் மேலே, டெடிங்டன் மதகு வரைக்கும் கடல் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், வந்து போகிறது. அதற்கு அப்பால்தான் அது மற்ற ஆறுகளைப் போல ஒரே பக்கமாக ஓடும். லண்டன் பாலத்தருகே பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் 6, 7 மீட்டர் ஏறி இறங்குகிறது, அதாவது இரண்டு மாடி உயரம். ரிச்மண்டில் அவ்வளவு இல்லை, 1894-இல் கட்டிய அணை ஒன்று ஓதம் இறங்கும் நேரத்திலும் ஆறு வறண்டுவிடாமல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் கரை தாண்டி வந்து பப்பின் முன்னால் இருக்கும் பாதையையே மூடிவிடும். அதற்காகவே அந்தக் கட்டடத்துக்கு 'ஓதம் ஏறும்போது இந்த வழி' என்று தனியாக ஒரு வாசல் இருக்கிறது! சாப்பாட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் கால்களைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்டு சாப்பிடுவதை அங்கே பார்க்கலாம், யாரும் பதறுவதில்லை, தண்ணீர் தானாகவே இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். லண்டன் துறைமுக ஆணையம் ஓத அட்டவணையை வெளியிடுகிறது, கிளம்புவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள். நான் உச்ச ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய்ச் சேர்வேன். ஆறு பின்னோக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

சரி, பர்கருக்கு வருவோம்.

நல்ல பப் பர்கர் என்பதில் பெரிய ரகசியம் கிடையாது, கொழுப்போடு அரைத்த மாட்டுக் கொத்துக்கறி, உப்பு, கடும் சூடு, அவ்வளவுதான். நூற்றுக்கு 20 பங்கு கொழுப்பு இருந்தால் நன்றாக வேகவிட்டாலும் கறி சக்கையாகாது. உப்பை முன்கூட்டியே போட்டுப் பிசைந்தால் கறியின் புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடிக்கும்போது சாஸேஜ் போல ரப்பராக இழுக்கும். அதனால் தட்டி வட்டமாக்கிய பிறகு, கல்லில் போடும் தருணத்தில் மேலே தூவ வேண்டும். மேல்பக்கம் கருஞ்சிவப்பாக முறுகியிருந்தால் அந்தச் சமையல்காரர் கல்லை நன்றாகச் சூடேற்றிக் காத்திருந்தவர் என்று அர்த்தம், அந்த முறுகலில்தான் மணம் அத்தனையும் இருக்கிறது.

உள்ளே இளஞ்சிவப்பாக வேண்டுமா என்று சில இடங்களில் கேட்பார்கள். முழுக் கறித்துண்டில் கிருமி மேல்பரப்பில்தான் இருக்கும், வெளியே வாட்டினால் போதும்; கொத்துக்கறியில் அரைக்கும்போதே அது உள்ளேயும் கலந்துவிடுகிறது. 70 டிகிரியில் 2 நிமிடம் என்பது பிரிட்டன் உணவுத் தர முகமை சொல்லும் கணக்கு. அதற்குக் குறைவாக வேகவைத்துத் தர விரும்பும் கடைகள் கறி வாங்கும் இடத்திலிருந்தே தனிக் கட்டுப்பாடுகளைப் பின்பற்ற வேண்டும். நான் நன்றாக வெந்ததையே கேட்பேன். கொழுப்புச் சரியாக இருக்கும் பர்கருக்கு அதனால் ஒரு குறையும் வராது.

எனக்குக் கோபம் வருவது உயரத்தைப் பார்த்துத்தான். இரண்டு அடுக்கு கறி, அதன் மேல் வெங்காய வளையம், முட்டை, பன்றி வறுவல், எல்லாம் சரிந்து விழாமலிருக்க நடுவில் ஒரு குச்சி. ஆற்றோரம் ஒரு பப்பில் அப்படி ஒன்று வந்தது, வாய்க்குள் போகவே இல்லை, குச்சியை எடுத்ததும் பாதி மேசையில், மீதி மடியில். பர்கரைக் கையில் பிடிக்க முடியவில்லை என்றால் அது பர்கரே இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். வாய் திறக்கும் அளவுக்கு உயரம், வெட்டிய பக்கம் வெண்ணெயில் வாட்டிய பன் (வாட்டாத பன் சாறு பட்டதும் நைந்துவிடும்), உருகி வழியும் சீஸ் ஒரு துண்டு, புளிப்புக்கு ஊறுகாய் வெள்ளரி. போதும்.

போன கோடையில் சித்தியை அழைத்துப் போயிருந்தேன். மாட்டுக்கறி சாப்பிட மாட்டார், அதனால் ஹலூமி பர்கர் சொன்னோம். ஹலூமி சைப்ரஸ் நாட்டு சீஸ், செய்யும்போதே திரிந்த பால்கட்டியை, அதிலிருந்து பிரிந்த நீரையே சூடாக்கி அதில் வேகவைப்பதால் கல்லில் போட்டாலும் உருகாது, பொன்னிறமாக முறுகும். தட்டு வந்ததும் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கையாலதானே சாப்பிடணும்? நல்லதாப் போச்சு" என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகவே இந்தப் பதிவை எழுதலாம் என்று தோன்றியது.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்று: பல பப்களில் மேசைக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள். மேசையில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டருக்குப் போய் நாம்தான் சொல்லி, அங்கேயே காசும் கொடுத்துவிட்டு வர வேண்டும், சாப்பாடு மட்டும் தேடி வரும். ஒவ்வாமை இருந்தால் அப்போதே கேளுங்கள். 14 பொருட்களைப் பற்றிக் கடைக்காரர் தகவல் தந்தே ஆக வேண்டும் என்பது சட்டம், பன் மேல் இருக்கும் எள்ளும் சாஸில் இருக்கும் கடுகும் அந்தப் பட்டியலில் உண்டு.

குடிக்கிறவர்கள் கைப்பம்பில் இழுத்துத் தரும் ஏல் பீரில் அரை பைண்ட் வாங்கிப் பாருங்கள். 11 முதல் 13 டிகிரியில் தருவார்கள், பனிக்கட்டி போல இருக்காது, அதனால்தான் கசப்பும் மணமும் நாக்குக்குத் தெரிகிறது, கொழுப்பான கறிக்குப் பிறகு அந்தக் கசப்பு வாயைச் சுத்தமாகத் துடைத்துவிடும்.

ரிச்மண்ட் தூரமாக இருந்தால் ராதர்ஹித்தில் மேஃபிளவர் என்ற பப் இருக்கிறது, தண்ணீருக்கு மேலேயே மரத்தளம் போட்டிருக்கிறார்கள். 1620-இல் அமெரிக்கா போன மேஃபிளவர் கப்பல் அந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான். ஹாமர்ஸ்மித்தில் டவ் என்ற பப், அங்கே உட்கார்ந்தால் துடுப்புப் படகுகள் போய்க்கொண்டே இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி நாளில் மட்டும் அந்தப் பக்கம் பர்கருக்காகப் போகாதீர்கள், ஓதம் ஏறும் நேரம் பார்த்துத்தான் போட்டியை வைக்கிறார்கள், கரை முழுக்கக் கூட்டம் நெருக்கியடிக்கும், சாப்பாடு வர நேரமாகும். சாதாரண வார நாள் மத்தியானம்தான் நல்லது. பப் இரவு வரை திறந்திருந்தாலும் அடுப்பை அதற்கு முன்னாடியே அணைத்துவிடுவார்கள், அதனால் சமையல் எத்தனை மணி வரை என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.