கம்ப்யூட்டருக்கு ராம் வாங்க கொழும்புக்கு பஸ் ஏறுமுன்

ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். வாங்கிவந்த ராம் (கம்ப்யூட்டரின் நினைவக அட்டை) பொருந்தாவிட்டால் இன்னொரு நாளும் பஸ் காசும் போகும். ஆகவே வீட்டிலேயே மதர்போர்டின் (எல்லாப் பாகமும் பொருத்தப்படும் பெரிய போர்ட்) முழுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ராம் செருகும் ஸ்லொட்டுகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் அச்சடித்திருக்கும். ஓடும் மெஷின் என்றால் விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பேஸ்போர்ட் ப்ராடக்ட்' வரியைப் பாருங்கள்.

'எச்610' என்று போர்டின் சிப்செட் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ராமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. எச்610இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயரின் கடைசியில் 'டி4' என்று இருந்தால் பெரும்பாலும் டிடிஆர்4தான். இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் பின்களுக்கு நடுவே உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். இறங்கவில்லையே என்று அழுத்தினால் ஸ்லொட்தான் உடையும்.

குறைந்த காசுக்குக் கிடைப்பவை பாவித்த டிடிஆர்3 மெஷின்கள்தான் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எச்61, எச்81 போர்டுகளில் பொதுவாக இரண்டு ஸ்லொட், ஒன்றுக்கு 8 ஜிபி, மொத்தம் 16. இன்டெல் நாலாம் தலைமுறை ப்ரொசசர்களும் அதற்கு முந்தியவையும் ராமில் 4 ஜிகாபிட் (அரை ஜிபி) சிப் வரைக்கும்தான் ஏற்கும். அதனால் 8 ஜிபி ராமில் பக்கத்துக்கு 8 என்று 16 சிப் இருக்க வேண்டும். மொத்தமே 8 சிப் உள்ள 8 ஜிபி ராமை அந்த போர்ட் ஏற்காது. கடையில் திருப்பிப் பார்த்து எண்ணுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு ஸ்டிக்கரை வாசியுங்கள். '8ஜிபி 2ஆர்x8 பிசி3-12800யூ' என்று இருந்தால் சரி: 12800 என்பது 1600 வேகம், கடைசி 'யூ' சாதாரண டெஸ்க்டொப் ராம். அந்த இடத்தில் 'ஆர்' இருந்தால் அது சர்வர் ராம். விலை மலிவு, ஸ்லொட்டிலும் இறங்கும், ஆனால் திரையில் ஒன்றும் வராது. 'எஸ்' என்றால் லப்டொப்புக்கான குட்டை ராம். 'ஏஎம்டி (இன்டெலுக்குப் போட்டியான ப்ரொசசர்) மெஷினுக்கு மட்டும்' என்று விற்கும் மலிவு டிடிஆர்3 ராமும் இன்டெல் போர்டில் ஓடாது.

வேகத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஐ3-10100 ப்ரொசசருக்கு 3200 ராம் போட்டாலும் சாதாரண போர்டுகளில் 2666இல்தான் ஓடும். கெடுதல் இல்லை, கூடுதல் காசுதான் வீண். ரைசன் 5600ஜி ப்ரொசசர் போட்டு, தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினுக்கு ஒரு 16ஐ விட இரண்டு 8 நல்லது. கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பாவிக்கிறது, இரண்டு போட்டால் தரவு போகும் பாதை இரட்டிப்பாகும். நாலு ஸ்லொட் போர்டில் பொதுவாக ப்ரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுங்கள்.

நுவரெலியா பக்கத்து ஈரத்தில் பழைய ராமின் தங்க நிறப் பின்கள் மங்கியிருக்கலாம். ராம் சரியானதாக இருந்தும் பீப் சத்தம் மட்டும் வருகிறதென்றால் மின்சார வயரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடித்து, ராமை எடுங்கள். வெள்ளை அழிரப்பரால் பின்களின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து, துகள்களைப் பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். திரும்பப் போடும்போது ஓரக் கொக்கி 'டக்'கென்று பூட்ட வேண்டும். ஒரு பக்கம் அரைகுறையாக நின்றாலும் பீப்தான்.

மெஷின் எழும்பியதும் டாஸ்க் மேனேஜரில் அளவும் வேகமும் சரியா என்று பாருங்கள். 16 போட்டு 4 ஜிபிக்குக் குறைவாகத்தான் பாவிக்க முடிகிறதென்றால் விண்டோஸ் 32 பிட்டா என்று முதலில் பாருங்கள். பாவித்த ராம் என்றால் பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதிக்கும் மென்பொருளைப் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். பிழையைக் காட்டும் சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் ஒவ்வொரு ராமாகத் தனித்தனியே, ஒரே ஸ்லொட்டில் வைத்துச் சோதியுங்கள். ஒரு ராமில் மட்டும் பிழை வந்தால் அந்த ராம் பழுது. எந்த ராம் போட்டாலும் அதே ஸ்லொட்டில் பிழை வந்தால் பெரும்பாலும் போர்ட் பழுது. திரையை போனில் படம் எடுத்து வையுங்கள், கடையில் மாற்றக் கேட்கும்போது உதவும்.