பத்தில் முடிக்கப் பழகுங்கள்

ஸ்பெயினின் செவில்லாவில், அந்நாட்டு ஆடல் பாடல் மரபான ஃபிளமென்கோவின் தாளம் படித்த ஆண்டில், செய்முறைத் தேர்வில் முதல் தடவை நான் தேறவில்லை. கஹோன் என்ற மரப்பெட்டி வாத்தியத்தில் புலெரியா என்ற ஃபிளமென்கோ தாள வகையை வாசிக்க வேண்டும், கூடவே ஒருவர் ஆடுவார். சொந்த மரபிலிருந்து ஏதாவது ஒன்றை அதில் கலந்தும் காட்ட வேண்டும். பத்து வருடம் மிருதங்கம் கற்றவனுக்கு இது எளிது என்றுதான் நினைத்தேன். இதே படிப்புக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

புலெரியாவின் ஒரு சுற்று 12 எண்ணிக்கை. அழுத்தம் விழுவது 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில். தாளத்தை வாயால் சொல்லும் நம் சொற்கட்டில் சொன்னால் தகிட தகிட தக தக தக. செகிரியா என்ற இன்னொரு வகையும் இதே 12தான். 8இல் தொடங்குவதால் தக தக தகிட தகிட தக என்று மாறிவிடும். இந்த இரண்டும் வாயில் வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

நான் தவறியதும் அங்கேதான். கணக்கு பொருந்துகிறதே என்று ஒரு தீர்மானம், அதாவது மிருதங்கத்தில் வாசிக்கும் முடிப்புக் கோவை, கட்டி, 12ஐச் சமம் என்கிற தாளத் தொடக்க இடமாக வைத்து அதில் கொண்டுபோய் இறக்கினேன். ஆடியவரோ 10இலேயே முடித்து நின்றுவிட்டார். புலெரியாவில் முடிப்பு விழுவது 10இல். அதற்கடுத்த 11 மூச்சு விடும் இடம். அந்த மூச்சின் மேல் நான் அடித்துக்கொண்டிருந்தேன்.

மறுதேர்வுக்கு முன் மூன்று மாதம் பெட்டியைத் தொடவில்லை. பால்மாஸ் என்கிற கைத்தட்டு மட்டும்தான். ஆடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே தட்டுங்கள். முடிக்கப் போகிறார் என்பதை அவர் உடம்பே சொல்லிவிடும். அப்புறம் அதே தீர்மானத்தை இரண்டு எண்ணிக்கை முன்னதாக எடுத்தேன். சரியாக 10இல் விழுந்தது.

வாய்மொழித் தேர்வில் ஃபிளமென்கோவில் பிற மரபுகள் கலந்த வரலாறு வரும். குவாஹிரா என்ற ஃபிளமென்கோ வகையின் வேர் கியூபாவில் என்பது போன்றவற்றை ஒரு மாலையில் படித்துவிடலாம். கஹோனுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். அது பெரு நாட்டின் ஆப்பிரிக்க வம்சாவளியினருடைய வாத்தியம். 1970களின் பிற்பகுதியில் ஃபிளமென்கோ கிட்டார் கலைஞர் பாக்கோ தெ லூசியா அதை அங்கே கேட்டுவிட்டுத் தன் குழுவுக்குக் கொண்டுவந்தார். வாசித்தவர் பிரேசில்காரரான ரூபெம் டான்டாஸ். ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது என்று என்னிடம் கேட்டார்கள். அதன் ஓசை ஆடுபவரின் குதிகால் தட்டலுக்கும் கைத்தட்டுக்கும் பக்கத்தில் நிற்கிறது, அதனால் ஏற்கெனவே இருந்த சுற்றுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது என்றேன். தட்டிக் காட்டச் சொன்னார்கள். மேஜையிலேயே தட்டினேன், முதலில் 12இல் முடித்து, பிறகு 10இல் முடித்து.