வெள்ளைத் துணியும் தென்னங்கீற்றும்

மே 27, திங்கள்

வரும் சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுகிறோம். என் பிள்ளைகள் இருவர், அண்ணன் பிள்ளைகள் மூவர், பெரியவர்கள் ஆறு பேர். படத்தைப் பெரியவள் தேர்ந்தெடுத்துவிட்டாள்: தீவில் வளர்ந்த பெண் படகேறிக் கடல் கடக்கும் கார்ட்டூன். வீடும் தீவு மாதிரி இருக்க வேண்டுமாம்.

இரண்டு வாரத்துக்கு முன்பே ஆன்லைன் கடையொன்றில் பிளாஸ்டிக் தென்னை மரம், துணிப்பூ மாலை எல்லாம் வாங்கினேன். இன்னும் அனுப்பவே இல்லை, கேட்டால் பதிலும் இல்லை. பிள்ளை முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை. கெடா மாநிலத்துக் கூலிமிலிருந்து வந்திருக்கும் அம்மாதான், "தென்ன மரந்தானே? கொல்லப்பக்கம் போய்ப் பாரு" என்றார். பக்கத்து வீட்டு மரம் மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. தினமும் அதன் கீழேதான் துணி காயப்போடுகிறேன்.

மே 29, புதன்

க்ரேப் தாளில் செம்பருத்தி செய்தோம். இதழின் விளிம்பை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்துவிட்டால் நிஜப்பூ மாதிரி அலையடிக்கும். அழுத்தினால் கிழிந்துவிடும். சின்னவன் எட்டு இதழைக் கிழித்த பிறகு ஒன்பதாவதில் பக்குவம் பிடித்துக்கொண்டான். நடுத்தண்டுக்கு மஞ்சள் தாளைத் திரித்து, நுனியில் பசை தடவி ரவையில் புரட்டினோம். மகரந்தம் அப்படியே வந்துவிட்டது.

"அஞ்சு இதழ்தான் வைக்கணும், ருக்குன் நெகாராவுக்கு அஞ்சு" என்று பெரியவள் எண்ணி எண்ணி ஒட்டினாள். ருக்குன் நெகாரா என்பது நாட்டின் ஐந்து கோட்பாடுகள். 1960-இல் மலேசியாவின் தேசிய மலரானது இந்தப் பூ. ஹவாய்க்கும் மாநில மலர் செம்பருத்திதான், ஆனால் மஞ்சள் என்று நான் சொல்லப்போக, அண்ணன் மகளுக்கு உடனே மஞ்சள் தாள் வேண்டும்!

ஹவாய் மாலையில் கோக்கிற கெம்போஜா, அதுதான் பெருங்கள்ளிப் பூ, பக்கத்துத் தெருவிலேயே பூத்துக் கிடக்கிறது, பறித்து வரலாமா என்றேன். அம்மா முகம் மாறிவிட்டது. "இடுகாட்டுல பூக்கிற பூவைப் பிள்ள கழுத்துல போடுவியா?" அங்கே வருகிறவரை வரவேற்கும் பூ, இங்கே கல்லறைப் பூ. அம்மா பேச்சுக்கு மேலே நான் போகவில்லை. தாள் பூக்களையே வாழைநாரில் கட்டிக் கொடுத்தார், மல்லிகைக்குப் போடுகிற அதே முடிச்சு.

மே 31, வெள்ளி

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) மகனைவிட்டு இரண்டு மட்டை வெட்டித் தந்தார். அம்மா ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு ஓலையை விரலில் சுற்ற ஆரம்பித்தார். கிளி, பாம்பு, கைக்கடிகாரம், கடைசியாகப் பீப்பீ. ராத்திரி வரை வீடெல்லாம் ஒரே ஊதல்.

பின்னிக்கொண்டே ரப்பர் தோட்டத்துக் கதை சொன்னார். படம் போடுகிற அன்று காலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும்போதே, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி சொல்லிவிடுவாராம். பால்மரம் சீவி முடித்து வந்த கையோடு திடலில் பாய் விரித்து இடம் பிடித்துவிடுவார்களாம். பிந்தி வந்தவர்களுக்குத் திரைக்குப் பின்பக்கம்தான். "அங்கேருந்து பாத்தா எல்லாரும் இடது கையிலதான் கத்தி பிடிப்பாங்க" என்றார். பெரியவள் பாதிக் கிளியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 1, சனி

வாழையிலைப் பொட்டலத்தில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பிள்ளைகளுக்குச் சம்பல் தனி. பொரித்த பீசாங் (வாழைப்பழம்). பாப்கார்னுக்குப் பதிலாகக் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே, வறுத்த கடலை வகை. ஒரு காலத்தில் தியேட்டர் வாசலில் நம்மவர்கள் விற்றது அதுதானே. தேங்காய்ச் சிரட்டையில் ஜாதிக்காய் ஜூஸ், மேலே ஒரு அசாம் போய் (உப்பிட்டுக் காயவைத்த பிளம்).

இந்த மாதத்தில் இங்கே சூரியன் இறங்க ஏழரை ஆகிவிடும். எட்டுக்கு முன்னால் துணியில் படம் வெளுத்துத்தான் தெரியும். 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியதும் இதற்கு ஒரு காரணம். அதனால் வெளிச்சத்திலேயே சாப்பாட்டை முடித்து, மாலைகளைத் துணியின் விளிம்பெல்லாம் தொங்கவிட்டோம்.

பாதிப் படத்தில் தூறல். புரொஜெக்டர் கூரைக்குக் கீழே இருந்ததால் தப்பித்தது, துணி நனைந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் விட்டதும் மறுபடி ஓடவிட்டோம். ஈரத்துணி வெளிச்சத்தை ஊடுருவ விட்டதில் முன்பக்கம் கொஞ்சம் மங்கிவிட்டது. எனக்குக் கவலையாகிவிட்டது. அந்நேரம் மதில் ஓரத்திலிருந்து சின்னவனின் குரல்: "பாட்டி! பின்னாடியும் படம் ஓடுது!"

ஐந்து பிள்ளைகளும் பின்னால் ஓடினார்கள். துடுப்பு கை மாறிவிட்டது என்று ஒரே கூச்சல். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு எழுந்தார். "அம்மா, மங்கலாத் தெரியும், இங்கயே உக்காருங்க" என்றேன்.

"அங்க உக்காந்து எத்தன வருஷமாச்சு, விடு" என்று போய்விட்டார். படம் முடியும்வரை திரும்பி வரவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் முதல் வேலையாகச் சிரட்டைகளைப் பொறுக்கிக் கவிழ்த்தேன். ஒரு வாரம் தண்ணீர் நின்றால் போதும், ஏடிஸ் கொசு வந்துவிடும்.

மழையில் க்ரேப் தாளின் சாயம் இறங்கி, துணி விளிம்பெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாய் இருக்கிறது. இரண்டு தரம் துவைத்தும் போகவில்லை. குளோரின் ஊற்றப் போனேன். அம்மா கையிலிருந்து வாங்கிப் பிழிந்து, தென்னை மரத்தடிக் கொடியில் விரித்துப் போட்டார்.

"இருக்கட்டும்மா. அடுத்த லீவுக்கும் இதையே கட்டு."