பிளாங்க் பிளேட்ல வந்த ஒரு காலனி

சேலத்துல ஒரு பால் பிளான்ட் லேப்ல ஆறு வருசம் மைக்ரோ, அதாவது கிருமி டெஸ்ட், பாத்தேன். சாம்பிள் எடு, டைல்யூட் பண்ணு, பிளேட்ல ஊத்து, இன்குபேட்டர்ல வை, ரெண்டு நாள் கழிச்சு காலனிய, அதாவது கிருமி பெருகி புள்ளியா நிக்கறத, எண்ணு, அவ்ளோதான் வேலை. கூடவே ஒரு பிளாங்க் பிளேட் போடுவோம். பாலே இல்லாம வெறும் அகார், கிருமி வளக்கற ஜெல்லி. அது காலியா இருந்தாதான் மத்தத நம்பலாம்.

ஒரு மே மாசம் நைட் ஷிப்ட், அந்த பிளாங்க்லயே ஒரு காலனி. ஒண்ணே ஒண்ணு. வெள்ளையா, காஞ்ச மாவு மாதிரி, ஓரம் கிழிஞ்சாப்ல. ஸ்டெயின் பண்ணி பாத்தா குச்சி குச்சியா பாக்டீரியா, ஒவ்வொண்ணுக்குள்ளயும் சாயம் ஏறாத ஒரு புள்ளி, ஸ்போர்தான், கெட்டி ஓட்டுக்குள்ள பாக்டீரியா தூங்கற நெலம. "வானத்துலேருந்து வந்திருக்கும்க்கா"ன்னேன். சீனியர் அக்கா நிமிந்துகூட பாக்கல, "உன் கைய பாரு கண்ணு"ன்னாங்க. வெக்கைக்கு கோட் கைய முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருந்தேன்.

மறுபடி ஊத்த அகார் உருகற வரைக்கும், வானத்துலேருந்து கிருமி வருமான்னு போன்ல படிச்சேன். 1967ல நிலாவுல எறங்கின சர்வேயர் 3ங்கற ஆளில்லா விண்கலத்தோட கேமராவ, ரெண்டரை வருசம் கழிச்சு அப்போலோ 12ல போனவங்க கழட்டிட்டு வந்தாங்க, உள்ள இருந்த பஞ்சுல ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ், நம்ம வாயில இருக்கற சாதா கிருமி, நிலாவுலயே பொழச்சு கெடந்துச்சுன்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க. அப்புறம் பழைய படத்த எடுத்து பாத்தா, பூமியில லேப்ல கேமராவ பிரிச்சவங்க போட்டிருந்தது அரைக்கை சட்டை! எனக்கு சிரிப்பு தாங்கல.

ரியூகுங்கற சிறுகோள்லேருந்து ஜப்பான்காரங்க எடுத்துட்டு வந்த துகள்லயும் இதே கததான், ஒரு துண்டுல குச்சி குச்சியா வளந்துச்சு, பாத்தா பூமிக்கு வந்தப்புறம் ஒட்டிக்கிட்டது.

ஆனா ஸ்போரோட பொழப்பு தெரிஞ்சவங்களால உயிர் விண்வெளியிலேருந்து பூமிக்கு வந்திருக்கலாம்ங்கறத சும்மா கதைன்னு தள்ள முடியாது. பாஸ்சரைசர்ல 72 டிகிரி, 15 செகண்ட், ஸ்போர் குளிச்சுட்டு வர்ற மாதிரி வெளிய வரும். ஆட்டோகிளேவ்ல, அதாவது பிரஷர் குக்கர் மாதிரி நீராவி மெஷின்ல, 121 டிகிரி 15 நிமிசம் வச்சாதான் அடங்கும். ஸ்போரே போடாத டைனோகாக்கஸ்ங்கற பாக்டீரியாவ உருண்டையா காயவச்சு விண்வெளி நிலையத்துக்கு வெளிய மூணு வருசம் விட்டாங்க, மேல இருந்தது செத்து அடியில இருந்தத காப்பாத்திருச்சு. செவ்வாய் கிரகத்து கல்லு பூமியில விழுந்திருக்கறதும் நெசம். கல்லுக்குள்ள ஒண்டிக்கிட்டு வந்திருந்தா?

சரி, அங்க மொதல்ல உயிர் எப்படி வந்துச்சுன்னு கேட்டா பதில் இல்ல. பால் கெட்டா நாங்க டேங்கர சொல்லுவோம், டேங்கர்காரர் கலெக்சன் சென்டர சொல்லுவாரு, அவங்க மாட்டுக்காரர சொல்லுவாங்க, அந்த மாதிரிதான்.

ரிஜிஸ்டர்ல 'பிளாங்க் பெயில், ரிப்பீட்'னு எழுதினேன். கோல்டு ரூம்ல எடுத்து வச்சிருந்த பாக்கெட்டெல்லாம் பிரிச்சு மறுபடி போட்டு முடிக்கறப்ப மணி மூணு, ஜன்னல்ல ஏற்காடு மலை ரோட்டு லைட்டு தெரிஞ்சுது. கோட் கை மணிக்கட்டு வரைக்கும் எறக்கி, பட்டன் போட்டிருந்தேன்.