ஆய்விதழ் வேலையில் கைகொடுக்க: மீளாய்விலிருந்து தொடங்குங்கள்

கட்டுரையை அனுப்புவது, பதிலுக்குக் காத்திருப்பது: கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழக ஆய்வாளர் பலருக்கு ஆய்விதழோடு உள்ள உறவு இவ்வளவுதான். ஆனால் இதழை நடத்துவதே ஆய்வாளர்கள்தான். இளையவர்கள் முதலில் கைவைக்க ஏற்றது மீளாய்வு, அதாவது பிறர் அனுப்பிய கட்டுரையை வெளியிடுமுன் படித்து மதிப்பிடுவது.

அழைப்பு தானாக வந்து சேராது. ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் ஓர்கிட் (ORCID) எண் இலவசம், 16 இலக்கம். முதலில் அதை எடுங்கள். இதழின் தளத்தில் பதியும்போது துறையை வெறுமனே ‘விவசாயம்’ என்று போட்டால் யார் கண்ணிலும் படமாட்டீர்கள். ‘சிறுபோக நெல்லில் நைதரசன் முகாமை’ என்று குறுக்கிப் போடுங்கள். பதிப்பாசிரியர்கள் ஆள் தேடுவது அந்தச் சொற்களை வைத்துத்தான். கூடவே நாலு வரி மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

அழைப்பு வந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். மறுப்பதில் குறையில்லை, பேசாமல் இருந்தால்தான் கட்டுரை கிடப்பில் விழும். எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுதியவர் பெயரை மறைத்து அனுப்பினாலும், பரிசோதனை நடந்த இடம் ‘இரணைமடு இடதுகரை’ என்று கண்டதுமே யாருடைய வேலை என்று பிடிபட்டுவிடும். அப்போது பதிப்பாசிரியருக்கு அதை உடனே அறிவியுங்கள். எழுதியவர் உங்களோடு ஒரே பல்கலைக்கழகத் துறையில் வேலை செய்பவர், அல்லது அண்மையில் சேர்ந்து எழுதியவர் என்றால் விலகுவதே முறை.

வாசிக்கும்போது முன்னுரையை விட்டு அட்டவணைக்குப் போங்கள். 4 பரிகரிப்பு (ஒப்பிடும் உர அளவுகள்), 3 கட்டு (ஒவ்வொன்றிலும் நான்கு பரிகரிப்பும் ஒருமுறை வரும் நிலத் தொகுதி), ஆக 12 பாத்தி என்று வைப்போம். வழுவின் சுயாதீனப் படி, அதாவது வழுவை மதிப்பிடக் கிடைக்கும் சுயாதீனத் தகவல்களின் எண்ணிக்கை, (4−1)×(3−1) = 6. அட்டவணையில் 114 என்று நின்றால், பாத்திக்குப் பத்துப் பயிரின் உயரத்தை அளந்து 120ஐயும் தனித்தனிப் பிரதியாக (பரிகரிப்பைத் தனியாக மீண்டும் செய்த அலகாக) எண்ணியிருக்கிறார்கள். உரம் இட்டது பாத்திக்கு. ஆகவே பிரதியும் பாத்திதான். பத்தையும் சராசரியாக்கி மீண்டும் பகுப்பாய்வு செய்யச் சொல்லுங்கள். பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் பல வேளைகளில் அங்கேயே மறைந்துவிடும்.

விளைச்சலிலும் இதே கவனம் தேவை. நெல்லை 14% ஈரப்பதனுக்குத் திருத்தியே ஒப்பிட வேண்டும். 20% ஈரப்பதனில் எக்டயருக்கு 5 தொன் என்றால், திருத்தினால் 5×80÷86, ஏறத்தாழ 4.65 தொன். ஈரப்பதனைச் சொல்லாத அட்டவணையில் தெரிகிற வித்தியாசம் வெறும் தண்ணீராகவும் இருக்கலாம்.

அறிக்கையின் முதற்பந்தியில் அவர்கள் செய்ததை உங்கள் சொல்லில் எழுதுங்கள். நீங்கள் தவறாக விளங்கியிருந்தால் அங்கேயே வெளிப்படும். பிறகு முடிவையே மாற்றக்கூடிய குறைகள். சின்னத் திருத்தங்கள் வரி எண்ணோடு கடைசியில். ‘மேலும் விளக்கவும்’ என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த அட்டவணை, எந்தக் கணக்கு என்று காட்டுங்கள். ஏற்கலாமா, நிராகரிக்கலாமா என்ற பரிந்துரை பதிப்பாசிரியருக்கு மட்டும் போக வேண்டும். ஆங்கிலம் பிசகுகிறது என்பதற்காக நல்ல பரிசோதனையைத் தள்ளாதீர்கள். இது எனக்கு மிக முக்கியம். உங்கள் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி நெருக்காதீர்கள். கையெழுத்துப்பிரதி இரகசியம், அதைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஏற்றக்கூடாது. மாணவரோடு சேர்ந்து மீளாய்வு செய்வதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டு, அவர் பெயரையும் கொடுங்கள்.

நல்ல அறிக்கைகள் தொடர்ந்து கொடுத்தால் பதிப்பாசிரியர் குழு அழைப்பும் வரலாம். அதில் சேரப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். பீடமே இதழ் தொடங்க நினைத்தால், இதழை இணையத்தில் நடத்த உதவும் ஓ.ஜே.எஸ். (OJS) மென்பொருள் இலவசம். கடினமானது, கட்டுரைகளைக் குறித்த காலத்தில் நகர்த்த ஒருவரைப் பொறுப்பாக வைப்பதுதான்.