ஒன்பதாம் வகுப்பில்தான் தெரிந்தது

என் மகளுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபோது அவளுக்கு 14 வயது. மற்றவர்களோடு பேசுவது, பழகுவது, சத்தத்தையும் தொடுதலையும் உணர்வது எல்லாம் பிறவியிலேயே வேறு மாதிரி இருக்கும் நிலை அது. பேச்சு தாமதமாகவில்லை. மூன்று வயதில் குறள் ஒப்பித்தாள். நான்காம் வகுப்பிலிருந்து மேட்டூர் அணையின் நிலவரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வருகிறாள்: நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம். 120 அடி நிரம்பிய நாட்கள் அவளுக்கு மனப்பாடம். கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஐந்தாம் வகுப்பு வரை நட்பு என்றால் நொண்டியும் கண்ணாமூச்சியும். விளையாட்டுக்கு விதி இருக்கும், அவளுக்கு அது போதும். எட்டாம் வகுப்பில் நட்பு என்பதே பேச்சாகிவிட்டது. யார் யாரைப் பார்த்துச் சிரித்தாள், அவள் சொன்னதற்கு உள்ளர்த்தம் என்ன. அங்கேதான் என் மகள் திணறினாள். பள்ளியில் கேட்டால் "ரொம்ப அமைதியான பொண்ணு, ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் சீருடையைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருட்டில் இரண்டு மணி நேரம் படுத்திருப்பாள். மாதவிலக்கு நாட்களில் நாப்கின் உடம்பில் உரசுவதே தாங்காமல் அலறுவாள். "வயசுக்கு வந்த புள்ள, அப்படித்தான் இருக்கும்" என்றார் என் மாமியார். நானும் அதை நம்பி அவளை அடித்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

முதலில் பார்த்த மருத்துவர் பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்தார். பதற்றம் இருந்தது உண்மை, ஆனால் அது எதனால் என்று எட்டு மாதம் யாரும் கேட்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மனநல மருத்துவர்தான் அவளுடைய மூன்று, நான்கு வயதைப் பற்றி என்னிடம் ஒரு மணி நேரம் விசாரித்தார். பிறகு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். அங்கே மூன்று அமர்வுகள். அணை நோட்டைப் பற்றி அவர் கேட்டதும் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். ஆட்டிசம் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கியபோது அவள் சொன்னது: "எல்லாருமே இப்படிக் கஷ்டப்பட்டுதான் பேசுறாங்கன்னு நினைச்சேன்." கண்ணைப் பார்க்க முடியாமல் புருவ மத்தியைப் பார்த்துப் பழகியதையும், வகுப்புத் தோழி ஒருத்தியின் சிரிப்பை அப்படியே காப்பியடித்ததையும் அன்றுதான் சொன்னாள்.

இது எத்தனை பேருக்கு இருக்கும் என்று அன்றிரவு தேடினேன். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் எட்டு வயதுக் குழந்தைகளில் 150 பேரில் ஒருவர். 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் 31 பேரில் ஒருவர். வரையறை விரிந்ததும், கூர்ந்து பார்க்கத் தொடங்கியதும் இந்த உயர்வுக்குப் பெரிய காரணங்கள். அங்கே பெண்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் பையன்களிடம் கண்டறிகிறார்கள். என் மகளைப் போல மறைத்துக்கொள்ளும் பெண்கள் அந்தக் கணக்கில் எத்தனை பேர் விடுபட்டிருப்பார்களோ. இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரை ஆராய்ந்ததில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர். அந்தக் குழந்தைகள் வளர்ந்து உயர்நிலைப் பள்ளிக்குத்தானே வருவார்கள்? எங்கள் பள்ளியில் 1,200 பேர் படிக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேராவது இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது என் மகளை மட்டும்தான்.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அளவிட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல்: 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐத் தொட்டால்தான் ஆட்டிசம். முதல் முறை மருத்துவக் குழு முன் உட்கார்ந்தபோது, கேட்ட கேள்விக்கெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து, புருவ மத்தியைப் பார்த்து, அழகாகப் பதில் சொன்னாள். "நல்லாத்தானே பேசுது பொண்ணு, எதுக்கும்மா இது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை கட்டிலுக்கு அடியில் போனவள் மறுநாள் காலையில்தான் வெளியே வந்தாள்.

அடுத்த இரண்டு வாரம் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாள், எவ்வளவு நேரம் இருட்டில் கிடந்தாள், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினாள், என்ன சாப்பிட்டாள். உளவியலாளரின் அறிக்கையோடு அதையும் கொண்டுபோனேன். இந்த முறை மருத்துவர் பக்கம் பக்கமாகப் படித்தார். 84 மதிப்பெண், அதன்படி குறைபாடு 50 சதவீதம் என்று சான்றிதழ். பதின்வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் தயவுசெய்து இப்படி எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே இருக்கும் அரை மணி நேரம் பிள்ளை சமாளித்துவிடும். வீட்டில் நடப்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை (யுடிஐடி) வந்துவிட்டது. இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுக்கும் முன் அவளிடம் காட்டினேன். கூடுதல் ஒரு மணி நேரம் வேண்டும் என்றாள். சொல்வதை எழுதுபவர் என்ற வரியைப் பேனாவால் அடித்தாள். "என் கையெழுத்து நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, அன்றைய அணை நிலவரம் எழுதப் போய்விட்டாள்.