9 மீட்டர் இடைவெளி, இரண்டு பேட்டரி

எங்கள் தோட்டத்தில் பாமாயில் தரும் செம்பனையை 9 மீட்டர் முக்கோணமாக நட்டிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர், வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர். ஹெக்டருக்கு 142 மரம் வரும். கையடக்க ஜிபிஎஸ் எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கணக்கில்தான் ஆரம்பிப்பேன். கருவி 8 மீட்டர் தள்ளிக் காட்டினால் நான் போய் நிற்பது அடுத்த வரிசையில். நோய் கண்ட மரம் அப்படியே இருக்கும், நல்ல மரத்தில் சிவப்புப் பெயிண்ட் ஏறிவிடும்.

நான் மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணி, அதாவது காட்டு வேலையைக் கணக்கெடுக்கும் எழுத்தர். 19 வருஷம் ஆகிறது. அப்பா இதே வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர், ரப்பர் பால் எடுக்கிற வேலை. அவர் காலத்தில் காட்டுக்குள் திசை தப்பினால் மேட்டில் ஏறி ஜெராய் மலையைத் தேடுவார்களாம். 1,217 மீட்டர் மலை. கடலில் வந்த கப்பல்காரர்களுக்கே அதுதான் அடையாளம். கடாரத்துக்கு வந்த நம் ஆட்களும் அதைப் பார்த்துத்தான் கரை சேர்ந்திருப்பார்கள் என்று அப்பா சொல்வார். பால்மரக் காட்டில் வருஷத்துக்கு ஒருமுறையாவது இலை உதிரும், மலை கண்ணில் படும். செம்பனைக்குள் நுழைந்துவிட்டால் எந்த மாதமும் தலைக்கு மேலே மட்டைதான்.

வானம் மறைவதுதான் ஜிபிஎஸ்ஸுக்கும் தொல்லை. செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் ரொம்ப மெலிந்தது. ஈர மட்டை அதில் பாதியைக் குடித்துவிடும். மீதியில் கொஞ்சம் நேராக வரும், கொஞ்சம் மரத்தண்டிலும் சரிவிலும் பட்டுத் தெறித்துச் சுற்றிக்கொண்டு வரும். சுற்றி வந்த சிக்னலைக் கருவி நேராக வந்தது என்று எடுத்துக்கொண்டால் தூரக் கணக்கு பிசகும். ஆபீஸ் வாசலில் 3 மீட்டர் பிழை காட்டும் கருவி, 15 வயது மரத்தடியில் 7, 8 என்று காட்டுவதைத் தினமும் பார்க்கிறேன்.

எனக்கு இது முக்கியமாகத் தேவைப்படுவது கானோடெர்மா கணக்கெடுப்புக்கு. செம்பனையின் அடித்தண்டை உள்ளிருந்து அழுகவைக்கும் பூஞ்சை அது. குருத்து மூன்று நான்கு விரியாமல் ஈட்டி மாதிரி நிற்கும். கீழ் மட்டைகள் ஒடிந்து பாவாடை போலத் தண்டைச் சுற்றித் தொங்கும். குனிந்து அடிமரத்தைப் பார்த்தால் விளிம்பு வெள்ளையாக, மேலே அரக்குப் பூசின மாதிரி பளபளவென்று ஒரு தட்டுக் காளான் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மரத்தை வேபாயிண்ட் (கருவியில் சேமிக்கும் இடக்குறி) போட்டுக் குறிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்து அதே மரத்தையும் பக்கத்து மரங்களையும் பார்க்க வேண்டும். 40 ஹெக்டர் பிளாக்கில் ஐயாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் மரம் நிற்கும்போது, பழைய குறிக்குச் சரியாக வந்து சேருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என்னிடம் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று கார்மின் இட்ரெக்ஸ் 32எக்ஸ். உள்ளங்கைக்குள் அடங்கும், பேட்டரியோடு 142 கிராம்தான். 2.2 அங்குலத் திரை, 2,000 வேபாயிண்ட், உள்ளே காம்பஸும் பாரோமீட்டரும் உண்டு. இதே குடும்பத்தில் 22எக்ஸ் விலை குறைவு, ஆனால் அதில் காம்பஸ் கிடையாது. நடந்தால்தான் திசை காட்டும், நின்றால் அம்புக்குறி அலையும். ரோட்டோரம் போகிறவர்களுக்கு அது போதும். மரம் தேடுகிறவன் நாலடி வைத்து நின்று, திரும்பி, மறுபடி நாலடி வைப்பவன். அவனுக்குக் காம்பஸ் வேண்டும்.

இன்னொன்று ஜிபிஎஸ்மேப் 65எஸ். 217 கிராம், தலையில் கட்டைவிரல் போல ஆன்டெனா துருத்திக்கொண்டிருக்கும். சட்டைப் பையில் நிற்காது, இடுப்பில்தான் மாட்ட வேண்டும். 5,000 வேபாயிண்ட் கொள்ளும். ஆனால் இதை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. வழக்கமான எல்1 அலைவரிசையோடு எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் இது வாங்கும். தெறித்து வரும் சிக்னலைப் பிரித்து ஒதுக்க எல்5 ரொம்ப உதவி.

இதைச் சொல்லக் கேட்டு நம்பவில்லை, அளந்து பார்த்தேன். மூப்பான ஒரு பிளாக்கில் பத்து மரங்களை இரண்டு கருவியிலும் குறித்துக்கொண்டேன். அடிமரத்தில் சுண்ணாம்பால் சின்னதாக ஒரு கோடு. மூன்று நாள் கழித்து, அந்தக் கோடு எங்கே என்று தெரியாத மண்டோரிடம் (ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி) ஒவ்வொரு கருவியாகக் கொடுத்து, "தூரம் எங்க ஆகக் குறைச்சலா காட்டுதோ அங்க நின்னு பக்கத்து மரத்தைத் தொடுங்க" என்றேன். 32எக்ஸை வைத்து ஐந்து மரத்தைச் சரியாகத் தொட்டார். 65எஸ்ஸை வைத்து ஒன்பது. பத்தாவது மரம் சரிவுக்கு அடியில் இருந்தது, அங்கே இரண்டுமே தடுமாறின. 32எக்ஸ் வைத்திருப்பவர்கள் வேபாயிண்ட் ஆவரேஜிங் என்ற வசதியைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தைச் சில நிமிடம் அளந்து, ஒன்றரை மணி நேரமாவது கழித்து இன்னொரு முறை அளந்தால் பிழை நன்றாகக் குறையும். அதற்குப் பொறுமை வேண்டும், கொசுவையும் தாங்க வேண்டும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். இரண்டுமே டபுள் ஏ பேட்டரி இரண்டில் ஓடுபவை. பெட்டியில் 32எக்ஸுக்கு 25 மணி நேரம், 65எஸ்ஸுக்கு 16 மணி நேரம் என்று போட்டிருக்கும். என் கையில் 32எக்ஸ் 17 மணி நேரம் வருகிறது. 65எஸ் பதினொன்றரை. நான் காம்பஸை அணைப்பதில்லை, ரஷ்யச் செயற்கைக்கோள்களான குளோனாஸையும் அணைப்பதில்லை. மட்டை நிழலில் திரை மங்கலாகத் தெரிவதால் பேக்லைட்டும் அடிக்கடி எரிகிறது. இதெல்லாம் சேர்ந்துதான் மணி நேரத்தைத் தின்கிறது. காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஏழு மணிக்குக் காட்டுக்குள் நுழைந்து இரண்டு மணிக்கு வெளியே வருகிறவனுக்கு 65எஸ் ஒன்றரை நாள் தாங்கும். ஆகவே தினமும் புது ஜோடி போட்டுக்கொண்டு போவது என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வழக்கம் வருவதற்கு முன்னால் ஒரு நாள் நன்றாக மாட்டிக்கொண்டேன். மேட்டு பிளாக், சாயங்காலம் நாலு மணி, மழை இருட்டு. திரையில் பேட்டரி காலையிலிருந்து இரண்டு கட்டம் காட்டிக்கொண்டிருந்தது. குறையவே இல்லை, அதனால் நானும் கவலைப்படவில்லை. திடீரென்று ஒரு கட்டம், ஐந்தே நிமிடத்தில் திரை போய்விட்டது. மண்டோர் வானத்தைப் பார்த்துவிட்டு, "கிராணி ஐயா, கால்வாயப் புடிச்சே இறங்கிடுவோம், எங்கயாவது ரோட்டுல கொண்டு விடும்" என்றார். விட்டது, ஆனால் எங்கள் வண்டி நின்ற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். சுற்றி நடந்து வந்து சேர ஏழரை. அவருக்கு அப்போதே 60 வயது. அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

தவறு என்னுடையது. உள்ளே இருந்தது சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி. கருவியில் ஆல்கலைன் என்று இருந்ததை நான் மாற்றவில்லை. ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், கருவியும் அதைப் பார்த்துக் கட்டத்தைக் குறைக்கும். நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்டில் கடைசிவரை சமமாக நின்றுவிட்டு ஒரேயடியாக விழும். ஆல்கலைன் கணக்கில் அதைப் படித்தால் பொழுதுக்கும் பாதி என்றே காட்டும். செட்டப்பில் சிஸ்டம் போய் பேட்டரி டைப்பை மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது. ஜிபிஎஸ் வைத்திருக்கிற எல்லோரும் இன்றைக்கே எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆல்கலைன் விஷயத்தில் இன்னொன்று. கருவியைச் சும்மா வைக்கும்போது உள்ளே விட்டுவிடாதீர்கள். ஒரு தீபாவளி லீவுக்கு முன்னால் டிராயரில் வைத்த பழைய கருவி ஒன்றை இரண்டு மாதம் கழித்துத் திறந்தேன். சுருள் கம்பியில் வெள்ளையாக உப்புப் பூத்து, அடியில் பச்சை ஏறியிருந்தது. கசிவது காரம் என்பதால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தேன், நுரைத்துக்கொண்டு வந்தது. அப்புறம் மகளின் பென்சில் ரப்பரால் கம்பி பளிச்சென்று ஆகும்வரை தேய்த்தேன். உயிர் வந்தது, ஆனால் குலுக்கினால் அணைந்துவிடும். அதைக் காட்டுக்குள் கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது வரும் கருவிகள் இந்த மணிக்கணக்கை எல்லாம் தாண்டிவிட்டன. 2023இல் வந்த ஜிபிஎஸ்மேப் 67 உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்து 180 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். அதே வருஷம் வந்த இட்ரெக்ஸ் எஸ்இ இரண்டு டபுள் ஏயிலேயே 168 மணி நேரம். இட்ரெக்ஸ் சோலார் வெயிலிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், ஆனால் பேட்டரி தீராமல் ஓட 75,000 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். நெல் வயல் வரப்பில் அது கிடைக்கும், செம்பனை அடியில் கிடைக்காது. எஸ்இயில் வரைபடம் இல்லை. எனக்குப் பிளாக் எல்லையும் கால்வாயும் திரையில் தெரிந்தாக வேண்டும், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன். 67 நல்ல கருவி, இரண்டு அலைவரிசையும் உண்டு. ஆனால் சார்ஜ் போட மறந்த காலையில் என்ன செய்வது? டபுள் ஏ என்றால் பீடோங்கில் எந்த மளிகைக் கடையிலும் வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். உள்ளே பேட்டரி வைத்தது என்றால் பவர் பேங்க் ஒயரை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மழையில் அந்த ரப்பர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற உத்தரவாதமெல்லாம் மூடி மூடியிருக்கும்போதுதான்.

கைத்தொலைபேசி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. லைன் இல்லாவிட்டால் அதில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பது தவறு, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் வேலை செய்யும். ஆனால் மழைத்துளி விழுந்த திரையில் விரல் ஒன்றைத் தொட்டால் அது வேறொன்றைத் திறக்கும். கையுறை போட்டுக்கொண்டு தொடவும் முடியாது. யாருக்காவது பாம்பு கடித்தால் கூப்பிட அந்தப் போனில் சார்ஜ் இருக்க வேண்டும். நான் அதைக் காட்டுக்குள் அணைத்தே வைக்கிறேன்.

போன மாதம் எங்கள் தோட்டத்துக்குப் புதுக் கிராணியாக சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு தங்கச்சி வந்திருக்கிறார். "அண்ணே, எனக்கு எது கேட்கட்டும்?" என்றார். 65எஸ்ஸும் ஆறு நிக்கல் பேட்டரியும் ஒரு நல்ல சார்ஜரும் கேளுங்கள் என்றேன். கூடவே லித்தியம் டபுள் ஏ ஒரு ஜோடி, பிரிக்காமல் பையின் அடியில் கிடக்கட்டும். அது சார்ஜ் செய்கிற வகை இல்லை, ஆனால் வருஷக்கணக்கில் கெடாது. கருவி வந்ததும் ஆபீசிலிருக்கும் பழைய வரைபடத்தைப் பார்த்து அதில் கெர்தாவ் 1948 என்ற டேட்டம் (வரைபடம் அளக்கப்பட்ட அடிப்படை) இருந்தால் கருவியிலும் அதையே வைக்கச் சொன்னேன். இல்லையென்றால் எல்லைக்கல் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். பேட்டரி மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் காம்பஸைச் சுழற்றிச் சரிசெய்யவும் சொன்னேன்.

நேற்று கருவி வந்துவிட்டது. பேட்டரிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றோடு ஒன்று கலக்காமல் இருக்க நகப்பூச்சால் சிவப்பு, நீலம், பச்சை என்று புள்ளி வைத்துக் கொண்டு வந்து காட்டினார். எனக்கு 19 வருஷத்தில் இது தோன்றவில்லை, நான் மார்க்கரில் எழுதுவது வியர்வையில் அழிந்து போகும். திங்கட்கிழமை மேட்டு பிளாக்கில் ஆரம்பிக்கிறோம். சிவப்பு ஜோடி இப்போது சார்ஜில் இருக்கிறது.